ஷேடு பார்த்துத் தரை போடுவது

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு நிறம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கால் ஷூவும் வலது கால் ஷூவும் நிறத்திலும் கிரெயினிலும் ஒத்துப்போக வேண்டும் என்பது கட்டிங் மேசையின் பால பாடம். சாயம் ஏற்றிய தோலை, வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு சேர்த்து ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பிறகு லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் விளக்கு, கடை விளக்கு, மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி.

அதே ஆள் வீடு கட்டும்போது என்ன செய்கிறார்? டைல்ஸ் கடையில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நின்று, அரை மணி நேரத்தில் தரையை முடிவு செய்துவிடுகிறார். சோபா ஆறு மாதம் கழித்து வருகிறது. கட்டில் பெண் வீட்டுச் சீராக வருகிறது. பீரோ ஏற்கெனவே இருக்கிறது. எல்லாம் ஒரே ஹாலில் கூடிய பிறகுதான் ஏதோ ஒட்டவில்லை என்று தெரிகிறது. அப்போது சோபாவை மாற்றலாம், திரைச்சீலையை மாற்றலாம். தரையை மாற்ற முடியாது. மாற்றினால் கதவின் அடியைச் சீவ வேண்டும், ஸ்கர்ட்டிங்கைப் பெயர்க்க வேண்டும், ஒரு மாதம் தூசியில் குடித்தனம் நடத்த வேண்டும்.

தரையைத்தான் முதலில் பதிப்பார்கள். ஆனால் அதற்கு ஆர்டர் கொடுக்கும்போதே, அதன் மேல் நிற்கப்போகும் சாமான்களின் நிறம் துண்டு துண்டாகவாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். தொழிலில் பார்க்கும் ஷேடை வீட்டுக்கும் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

துண்டுகளைச் சேர்ப்பது

ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சரிடம், செய்யப்போகும் அதே மரத்தில் ஒரு சாண் துண்டு கேட்டு, பாதிக்கு மட்டும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். சோபாத் துணி அல்லது தோலில் ஒரு கையகலத் துண்டு. வேலூர் வட்டாரத்தில் தோல் துண்டுக்கு அலைய வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவராவது கம்பெனியில் இருப்பார். மாடுலர் கிச்சனுக்கு லேமினேட் போடுவதாக இருந்தால் அதன் மாதிரி அட்டை. சுவர் நிறத்தை ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பீரோவைத் தூக்கிப்போக முடியாது. அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த நிறத்தில் ஒரு நோட்டு அட்டை போதும்.

இந்தப் பையோடு டைல்ஸ் கடைக்குப் போய், பிடித்த இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொன்றில் ஒரு முழு டைலைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கடைக்காரர் இனாமாகத் தரும் நாலு அங்குலத் துண்டு போதாது. இரண்டுக்கு நாலு அடி டைலில் ஓடும் கோடு அந்தத் துண்டில் இருக்காது. கட்டிக்கொண்டிருக்கும் ஹாலிலேயே டைலைக் கீழே கிடத்தி, மற்றத் துண்டுகளை அதன் மேல் வைத்து, காலை பத்து மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தரம், இருட்டிய பிறகு நீங்கள் போடப்போகும் அதே பல்பில் ஒரு தரம் பாருங்கள். கடை விளக்கு பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. வீட்டு ஹாலில் நாம் போடுவது 3000 கெல்வின் மஞ்சளாக இருக்கலாம். கடையில் சுத்தமான சாம்பலாகத் தெரிந்த டைல், வீட்டு மஞ்சளில் பச்சை தட்டுவது இதனால்தான். கிடத்திப் பார்ப்பதும் முக்கியம். நிறுத்தி வைத்த டைலில் விழும் வெளிச்சம் வேறு, தரையில் கிடக்கும் டைலில் விழும் வெளிச்சம் வேறு.

இன்னொரு சோதனை. எந்தப் பழுப்புக்கும் உள்ளே ஒரு சாய்வு உண்டு: சிவப்புப் பக்கம், மஞ்சள் பக்கம், சாம்பல் பக்கம். ஐவரி, பீஜ் என்று விற்கிற வெளிர் டைல்களும் அப்படியே. சிலது ரோஸ் தட்டும், சிலது எலுமிச்சை தட்டும். தனியாகப் பார்த்தால் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளை அருகில் வைத்துப் பாருங்கள், சாய்வு வெளியே வந்துவிடும். தேக்கு மஞ்சள் பக்கம். ரோஸ்வுட் சிவப்பு, ஊதாப் பக்கம். கடையில் வால்நட் என்று சொல்லும் லேமினேட்டுகளில் பாதி சாம்பல் பக்கம். தரையும் பெரிய சாமானும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அடர்த்தி எவ்வளவு வேறுபட்டாலும் கண் ஒத்துக்கொள்ளும். சாய்வு எதிரெதிராக இருந்து அடர்த்தி மட்டும் ஒன்றாக இருந்தால் என்ன செய்தாலும் அழுக்காகவே தெரியும். ரோஸ் தட்டும் பளபளப்புத் தரையில் மஞ்சள் தேக்குச் சோபா போட்ட ஹால்கள் நம் ஊரில் எத்தனையோ.

அடர்த்தியைப் பொறுத்தவரை, வெள்ளையை ஒன்று, கறுப்பை ஐந்து என்று வைத்துக்கொண்டால், தரைக்கும் சோபாவுக்கும் குறைந்தது இரண்டு படி இடைவெளி விடுங்கள். மர டிசைன் டைல் போடுகிறவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். மரக் கட்டிலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதே நிறத்தில் மர டைல் எடுத்தால், உண்மையான மரம் போலி மரத்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டும் போலியாகத் தெரியும். மர டைல் பிடித்திருந்தால் சாமானை வேறு நிறத்துக்குக் கொண்டு போங்கள். அல்லது தரையை வெறும் கல் நிறத்தில் விட்டு, மரத்தை மரமாக இருக்க விடுங்கள்.

நிறம் மாறும் பொருட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோல்காரர்களுக்கு இது தெரிந்ததே. குரோம் போட்டுப் பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோல் ஓரளவு நிறம் மாறாமல் நிற்கும். பட்டை, கொட்டை போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோல், அதாவது ஈ.ஐ. லெதர் என்று புவிசார் குறியீடு வாங்கிய நம் தமிழ்நாட்டுச் சரக்கு, புதிதில் வெளிர் பழுப்பாக இருந்து, வெயிலும் கையும் படப்பட ஆழ்ந்துகொண்டே போகும். தேக்கும் அப்படித்தான், சீவிய அன்று ஒரு நிறம், இரண்டு வருடத்தில் வேறு நிறம். இவற்றுக்கு நேர்ப் பொருத்தமாகத் தரை எடுப்பது வீண். மரம் போகப்போகும் நிறத்தைப் பழைய தேக்குக் கதவு ஒன்றில் பார்த்துக்கொண்டு, அதோடு டைலை வைத்துப் பாருங்கள்.

முடிவு செய்த பிறகு ஒரு சின்ன வேலை. டைல் பெட்டியின் பக்கவாட்டில் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் அச்சிட்டிருக்கும். மோர்பியிலிருந்து லாரியில் வந்து இறங்கும் ஒரே பெயருள்ள சரக்கில்கூட இரண்டு பேட்ச் கலந்திருக்கலாம். லாட் மாறினால் தோலில் ஷேடு மாறும் என்று தெரிந்தவர்கள், டைல் இறங்கும்போது எண்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாப் பெட்டியையும் பாருங்கள். வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சும் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் போடுங்கள். நாலு வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அந்த ஷேடு எந்தக் கடையிலும் கிடைக்காது.

தண்ணீர் சொல்லும் நிறம்

பத்திரிகைப் படங்களில் வரும் கறுப்புப் பளபளப்புத் தரை நம் பக்கத்துக்கு ஆகாது. காரணம் ரசனை இல்லை, போர் தண்ணீர். பாலாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. நிலத்தடி நீரில் உப்பு. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையும் கிணறுகளும் கெட்டுப்போனது உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, காவிரிக் கூட்டுக் குடிநீரும் வந்தது. ஆனால் காவிரித் தண்ணீரில் யாரும் தரை துடைப்பதில்லை. தரைக்குப் போவது போர் தண்ணீர்தான். அது காய்ந்தால் வெள்ளைப் படலம் விட்டுப் போகும். கறுப்பு கிரானைட்டிலும் அடர் பழுப்பு வழுவழு டைலிலும் அந்தப் படலம் துடைத்த ஈரம் காய்ந்ததுமே தெரியும். பளீர் வெள்ளையும் தப்பாது. அதில் ஓரங்களில் மஞ்சள் ஏறும். நடுத்தர அடர்த்தி, லேசான மேகம் போன்ற கோடுகள், மேட் அல்லது சாட்டின் பூச்சு: உப்பையும் தூசியையும் மறைப்பவை இவைதான். அடர்ந்த நிறத்தின் மேல் ஆசை விடாதென்றால் அதை மேசையிலும் சோபாவிலும் தீர்த்துக்கொள்ளலாம். அவற்றை யாரும் போர் தண்ணீரில் துடைப்பதில்லை.

படலம் ஏறியதும் ஆசிட் பாட்டிலைத் தேடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. மார்பிளும் சுண்ணாம்புச் சத்துதான். மொசைக்கில் இருப்பது மார்பிள் சில்லும் சிமெண்டும். இவை எல்லாவற்றையும் ஆசிட் தின்னும். பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகி, பிறகு அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கிரானைட்டும் விட்ரிஃபைடு டைலும் தாங்கினாலும், இடையில் உள்ள சிமெண்ட் கிரவுட் தாங்காது. ஆசிட் புகை ஸ்டீல் கட்டில் காலையும் சோபாவின் ஸ்டாண்டையும் துருப்பிடிக்க வைக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

புளிக்கும் இதே குணம் உண்டு. ஆம்பூர் பிரியாணியோடு வரும் புளி சேர்த்த கத்தரிக்காய் ஒரு கரண்டி மார்பிளில் சிந்தி ராத்திரி முழுக்கக் கிடந்தால், காலையில் துடைத்தாலும் மங்கலான வட்டம் நிற்கும். அது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பொடி போட்டாலும் போகாது, மறுபடி பாலிஷ் போட வேண்டும். விருந்து என்றால் சோபாவை ஓரம் தள்ளி, தரையில் விரிப்பு போட்டு, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அந்த வீடுகளுக்கு என் சிபாரிசு: ஹாலில் மார்பிள் வேண்டாம். தண்ணீர் உறிஞ்சுதல் அரை சதவீதத்துக்குள் இருக்கும் விட்ரிஃபைடு போடுங்கள், கிரவுட்டை எபாக்ஸியில் அடையுங்கள். சாமான் வாங்கும்போதும் இரண்டு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய எடையில், கால் வைத்த சோபாவாக வாங்குங்கள். தரையோடு படிந்த பெட்டி சோபாவுக்குக் கீழே விளக்குமாறு போகாது; விருந்து நாளில் அதை நகர்த்த நாலு பேர் வேண்டும்.

நாற்காலி இழுபடும் சாப்பாட்டு மேசை இடத்துக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஜி.வி.டி. என்று விற்கும் டைலில் டிசைன் மேல் பூச்சில் மட்டும் அச்சாகி இருக்கிறது. டபுள் சார்ஜில் நிறம் மூன்று நாலு மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். மணல் ஒட்டிய நாற்காலிக் கால் வருடக்கணக்கில் இழுபட்டால் முதல் வகையில் தடம் விழும். அங்கே டபுள் சார்ஜ், மற்ற இடத்தில் ஜி.வி.டி. என்று பிரித்துப் போடலாம், இரண்டுக்கும் சாய்வு ஒன்றாக இருந்தால்.

தோல் ஊரில் தோல் சோபா

இதைச் சொன்னால் வட்டாரத்துக்காரர்கள் கோபிக்கலாம். ஏ.சி. இல்லாத ஹாலில் தோல் சோபா வேண்டாம். வேலூரில் மே மாதத்தில் நாற்பது டிகிரி தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் தோல் முதுகில் ஒட்டும். அதன் மேல் துண்டு விரித்து உட்காருவதற்கு அவ்வளவு காசு எதற்கு?

கம்பெனியில் மிஞ்சிய தோலை வாங்கிச் சோபா தைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அடிக்கடி வரும். ஒரு ஆட்டுத் தோல் சுமாராக நாலிலிருந்து ஆறு சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 150 முதல் 200 சதுர அடி வரை பிடிக்கும். முப்பது நாற்பது தோலை ஒட்டுப்போட்டால் தையல் மேல் தையலாக இருக்கும், ஷேடும் ஒன்று போல வராது. சோபாவுக்கென்று பதனிடுவது பெரிய மாட்டுத் தோல். அது மிருதுவாகவும், தினமும் உடம்பு உரசினாலும் நிறம் போகாததாகவும் இருக்க வேண்டும். ஷூ மேல்தோலுக்கு எதிர்பார்ப்பு வேறு. மிச்சத் தோல் ஸ்டூலுக்கும், சாப்பாட்டு நாற்காலியின் இருக்கைக்கும், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கும் நன்றாகப் பொருந்தும். ஹாலில் ஒரே ஒரு டேன் நிறத் தோல் நாற்காலி, சாம்பல் கலந்த மேட் தரை, மற்றதெல்லாம் பிரம்பும் பருத்தியும்: இந்தச் சேர்க்கை வெயிலுக்கும் ஒத்துவரும், ஊருக்கும் ஒத்துவரும்.

தோல் என்று சொல்லி விற்கும் ரெக்சின் விஷயத்தில் ஏமாறத் தேவையில்லாத ஊர் இது. வெட்டு ஓரத்தைப் பாருங்கள். நார் தெரிந்தால் தோல், துணி தெரிந்தால் ரெக்சின். மலிவான பி.யூ. ரெக்சின் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். வெளிர் தரையில் அந்தக் கறுப்புச் செதில்களைப் பொறுக்குவது தினசரி வேலையாகிவிடும்.

தோல் சோபா வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் அதை மேற்கு ஜன்னலுக்கு நேரே போடாதீர்கள். பளபளப்புத் தரையாக இருந்தால் வெயில் தரையில் பட்டுத் தெறித்துச் சோபாவின் அடிப்பக்கத்தையும் வெளிறடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோடு ஒட்டிப் போட்ட தோல் பூஞ்சை பிடிக்கும். அரை அடி தள்ளிப் போடுங்கள், காற்று போகட்டும்.

சாமானுக்கேற்ற தரை என்பது நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் கீழே ஆத்தங்குடி டைல் கிடப்பதைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அவ்வளவு டிசைன் இருந்தும் கண் உறுத்தாததற்குக் காரணம், அந்தக் கூடங்களில் சாமான் குறைவு. இருப்பதும் ஒரே மரம். கண்ணாடித் தட்டில் நிறக்கலவை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் டைல் அது. நடக்க நடக்க மெருகேறும், ஆசிட் பட்டால் போயிற்று. இப்போது பலரும் அதைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து ஹாலில் பதித்து, மேலே பூப்போட்ட சோபாவையும் டிசைன் கார்ப்பெட்டையும் போடுகிறார்கள். ஆத்தங்குடி போட்டால் மற்ற எல்லாவற்றையும் வெறுமையாக விடத் துணிவு வேண்டும். இல்லையென்றால் பூஜை அறையிலும் தாழ்வாரத்திலும் நிறுத்திக்கொள்ளுங்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்குச் செங்காவித் தரை கிடைத்தால் அது அதிர்ஷ்டம். தேக்கோ பூவரசோ எந்த நாட்டு மரத்தையும் அது தாங்கும். விரிசல் விட்டிருக்கிறது என்பதற்காக அதன் மேல் டைலை ஒட்டிவிடாதீர்கள்.

கனத்தையும் ஈரத்தையும் மறக்க வேண்டாம்

தரை பதிக்கும் முன் ஹாலின் வரைபடத்தில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எங்கே வரும் என்று குறித்து மேஸ்திரியிடம் கொடுங்கள். விவரம் தெரிந்த மேஸ்திரி அவரே கேட்பார்: "பீரோ எங்க வரும்னு சொல்லிடுங்க பாய், அங்க கலவையை நெறைச்சு வெச்சிடறேன்." நிறைந்த ஸ்டீல் பீரோவின் மொத்தக் கனமும் நாலு சின்னக் கால்களில் இறங்குகிறது. அதற்குக் கீழே டைல் பொள்ளலாக இருந்தால் மூலை விண்டுவிடும். பதித்து இரண்டு நாள் கழித்து, ஒரு மரக் கட்டையால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போங்கள். காலியான சத்தம் கேட்கும் டைலில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பிளைவுட்டிலும் பார்ட்டிக்கிள் போர்டிலும் செய்த அலமாரியைத் தரையோடு உட்கார வைக்காதீர்கள். தினமும் துடைக்கும் ஈரம் அடிப்பலகையில் ஏறி உப்பவைக்கும். நாலு அங்குலம் உயர்த்தி கிரானைட் மேடையில் வையுங்கள். கிருஷ்ணகிரியிலும் குப்பத்திலும் வெட்டும் கிரானைட் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும்போது, வாசல்படிக்கும் இந்த மேடைக்கும் வேறெதையும் தேட வேண்டாம். அந்த மேடையின் நிறத்தைத் தரையோடு சேர்க்காமல் அலமாரியோடு சேர்த்தால், அலமாரி தரையிலிருந்து எழுந்து நிற்பது போல இருக்கும்.

தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தில் லேமினேட் மரத் தரை போட மாட்டார்கள். மாடியில் போட்டுக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில்

காந்தி நகரிலும் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் சி.எம்.சி. வேலைக்கும் வி.ஐ.டி. படிப்புக்கும் வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதுவரை சொன்னதில் பாதி பயன்படாது. தரை வீட்டுக்காரருடையது, பெரும்பாலும் ரோஸ் தட்டும் பழைய செராமிக், அல்லது கறுப்பு வெள்ளைச் சில்லு மொசைக். இங்கே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். வெள்ளைத் தாளை வைத்துத் தரையின் சாய்வைக் கண்டுபிடித்து, அதன் பக்கம் சாய்ந்த சாமானை வாங்குங்கள். ரோஸ் தரைக்குச் சிவப்புப் பக்கம் போகும் மரம், மெரூன் பருத்தி விரிப்பு. மொசைக் எதையும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு வேண்டாதது டிசைன் மட்டும்தான். தரை எந்த வகையிலும் சேரவில்லை என்றால் பாதியை மறைத்துவிடலாம். ஒரு பெரிய பவானி ஜமுக்காளம் போட்டு, சோபாவின் முன்னங்கால்கள் அதன் மேல் நிற்கும்படி வைத்தால், கண் தரையை விட்டு ஜமுக்காளத்தைத் தரையாக எடுத்துக்கொள்ளும். ஜமுக்காளத்தின் கோடுகளில் ஒரு நிறமாவது சோபாவில் இருக்கட்டும்.

ஒட்டும் வினைல் ஷீட் போடுகிறவர்கள் கட்டில் காலுக்கு ரப்பர் புஷ் மாட்டாதீர்கள். ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலில் இறங்கிப் பழுப்பு வட்டம் விழும், அது துடைத்தாலும் போகாது. அங்கே ஃபெல்ட் துண்டு ஒட்டுங்கள். ஃபெல்ட்டில் மணல் ஏறினால் அதுவே தரையைக் கீறும் என்பதால், மாதம் ஒரு முறை கட்டிலைச் சாய்த்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுங்கள்.